இருபது அசுவினிகள்: உருளைக்கிழங்கு சமவெளிக்கு இறங்கியது பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

செடியைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கரும்பச்சையாகத் தொடையளவுக்குத் தழைத்து நிற்கும். எண்பதாம் நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் நீளநீளமாக ஓடிய வெள்ளைத் தண்டுகளும், கோலிக்குண்டு அளவில் நான்கைந்து கிழங்குகளும்தான் தொங்கும். வெப்பமான ஊரில் முதன்முறையாக உருளைக்கிழங்கு போட்டவர்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அதைப் பார்த்ததும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ‘இது மலைப்பயிர், நமக்கு ஆகாது’ என்பது ஒன்று. ‘வெயில் தாங்கும் ரகம் வந்தால் ஒரு கை பார்த்துவிடலாம்’ என்பது இன்னொன்று.

இரண்டும் அவசர முடிவுகள். இந்திய உருளைக்கிழங்கின் கடந்த எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை நிதானமாகப் படித்தால் வேறொரு விடை கிடைக்கிறது. வெப்பப் பகுதியில் இந்தப் பயிரின் கழுத்தைப் பிடிக்கும் முதல் சிக்கல் விதைக்கிழங்கு. வெயில் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அந்தச் சிக்கலை அவிழ்த்த இடத்தில் பயிர் பரவியது. அவிழ்க்காமல் பரப்பிய இடத்தில், சில ஆண்டுகள் செழித்துவிட்டுச் சுருங்கியது. இந்த ஆய்வு முதல் வகைக்குப் பெரிய சான்றான கங்கைச் சமவெளியை விரிவாகப் பார்க்கிறது. அந்த அனுபவம் தக்காணத்துக்கும் அதற்குத் தெற்கேயும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் கேட்டுப் பார்க்கிறது.

இரவில் நடக்கும் நட்டம்

முதலில் வெப்பத்தின் கணக்கை முடித்துவிடுவோம். உருளைக்கிழங்கு வேர் அல்ல, தண்டு. மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டின் நுனி, நீளுவதை நிறுத்திப் பருக்கத் தொடங்கும்போது கிழங்கு பிறக்கிறது. ‘இனி நீளாதே, பரு’ என்ற கட்டளை அந்த நுனியில் உருவாவதில்லை. இலையில் உருவாகித் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. எஸ்பி6ஏ என்று பெயரிடப்பட்ட புரதம்தான் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பல தாவரங்களில் பூக்கச் சொல்லும் புரதத்துக்கு இது நெருங்கிய உறவு.

வெப்பம் கூடும்போது இந்தச் செய்தி குறைகிறது. நீளச் சொல்லும் வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரலின் கை ஓங்குகிறது. அதனால்தான் தழை கொழிக்கிறது, கிழங்கு வருவதில்லை. கிழங்கு பருக்க ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். பகலில் 30 டிகிரி அடித்தாலும் இரவு நன்றாகக் குளிர்ந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். இரவு 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தால்தான் வினை. பகலில் சமைத்த மாவுச்சத்தை இரவுச் சுவாசத்திலேயே எரித்துவிடுகிறது. கிழங்குக்கு அனுப்ப மிச்சமில்லை. அப்படியும் கிழங்கு பிடித்துவிட்டால் சூடான மண்ணில் அது மறுபடி நீண்டு, முடிச்சு விட்டு, சங்கிலி போலக் கோத்துக்கொண்டு வளரும். உள்சதையில் பழுப்புத் திட்டும் விழலாம்.

ஆகவே ஒரு ஊர் இந்தப் பயிருக்கு ஆகுமா என்று கேட்பவர் நண்பகல் வெயிலைப் பார்க்க வேண்டியதில்லை. விடியற்கால வெப்பமானியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பகல் குறுகினால் கிழங்கு பிடிக்கும் தூண்டுதல் கூடுகிறது. குறுகிய பகல் வெப்பத்தின் தடையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஐரோப்பியக் கோடையின் நீண்ட பகலுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களை வைத்து வெப்பமண்டலத்தை எடைபோட்டது பழைய தவறு. பூமத்தியரேகையை நெருங்க நெருங்க ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. இந்தப் பயிரின் பூர்வீகமான ஆண்டிஸ் மலையிலும் அப்படித்தான். வெப்பமண்டலம் இதற்கு முழு அந்நியமல்ல என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

1949-இன் சிக்கல்

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949-இல் பாட்னாவில் தொடங்கப்பட்டது. 1956-இல் சிம்லாவுக்கு மாறியது. தொடங்கிய காலத்தில் நாட்டில் இந்தப் பயிர் இருந்த பரப்பு சுமார் 2.3 லட்சம் ஹெக்டேர், விளைச்சல் சுமார் 15 லட்சம் டன். ஹெக்டேருக்கு ஆறரை டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பயிரிட்டவர்களிடம் பழைய ரகங்கள் இருந்தன. சமவெளியிலும் பூக்கும் புல்வா, டார்ஜிலிங் சிவப்பு உருண்டை, கோலா ஆகியவை அவற்றில் சில. போர்ச்சுகீசியர் காலம் முதல் வந்துசேர்ந்து ஊரூராய்க் கைமாறி ஊன்றியவை இவை. ஊன்றுவதும் கிழங்கையேதான் என்பதால், ஒரு செடிக்கு வந்த வைரஸ் அடுத்த ஆண்டு அதன் பிள்ளைகளுக்கும் அப்படியே போகும். நெல்லில் விதை வழி பல நோய்கள் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. உருளைக்கிழங்கில் அந்த வடிகட்டியே கிடையாது. மூன்று நான்கு முறை ஊன்றியதும் ‘விதை தேய்ந்துபோச்சு’ என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். விதை தேய்வதில்லை, அதற்குள் வைரஸ் பெருகுகிறது.

அதற்கு அன்று இருந்த ஒரே மருந்து மலை விதை. குளிர்ந்த மலையில் வைரஸைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினி குறைவு, ஆகவே விதை சுத்தம் என்ற எண்ணத்தில் இமயமலைப் பகுதிகளிலிருந்து கிழங்கை இறக்கினார்கள். அதில் மூன்று முட்டுக்கட்டைகள் இருந்தன. முதலாவது காலம். மலையில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில் முடிகிறது. சமவெளியில் நடவு அக்டோபரில் தொடங்குகிறது. அப்போதுதான் தோண்டிய கிழங்கு இரண்டு மாதம்போல உறங்கும், ஊன்றினாலும் முளைக்காது. இரண்டாவது அளவு. ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை டன் விதைக்கிழங்கு வேண்டும். பத்து லட்சம் ஹெக்டேருக்கு மலையிலிருந்து லாரியில் இறக்கிக் கட்டுப்படியாகாது. அவ்வளவு விளையவும் மலையில் இடமில்லை. மூன்றாவது மண்ணோடு வரும் நோய். டார்ஜிலிங் மலையில் கிழங்கில் மருக்கள் கிளம்பும் மருநோய் இருந்தது. நீலகிரியில் 1961-இல், வேரைத் தாக்கும் நுண்புழுவான முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது.

விதைச் செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்குச் சாகுபடியின் மொத்தச் செலவில் ஏறத்தாழ பாதி விதைக்கே போய்விடும். ஒரு கிழங்கு ஊன்றினால் ஆறு முதல் பத்து மடங்கு பெருகும். நெல் நூறு மடங்குக்கு மேல் பெருகும். இந்த ஒரு வேறுபாடுதான் உருளைக்கிழங்கு விரிவாக்கத்தை தானியப் பயிர் விரிவாக்கத்திலிருந்து பிரிக்கிறது. நல்ல நெல் ரகம் ஒரு மூட்டை கைக்கு வந்தால் சில பருவங்களில் வட்டாரமே நிறைந்துவிடும். நல்ல உருளைக்கிழங்கு ரகம் ஒரு மூட்டை வந்தால், அது நாட்டை நிறைப்பதற்குள் நோய் அதை நிறைத்துவிடும்.

எண்ணிப் பார்த்ததில் கிடைத்த இடைவெளி

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் புது மருந்தையோ புது ரகத்தையோ தேடிப் போகவில்லை. பூச்சியை எண்ணினார்கள். சமவெளியில் பச்சை அசுவினி எந்த மாதம் எவ்வளவு இருக்கிறது என்று பல இடங்களில், ஆண்டு முழுக்க, இலை இலையாக எண்ணியதில் ஒரு செய்தி தெரியவந்தது. வடமேற்குச் சமவெளியில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் இறுதிவரை அசுவினி இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஜனவரி பிறந்த பிறகுதான் பெருகுகிறது. அதாவது எழுபது, எண்பது நாளுக்குக் குறையாத சுத்தமான இடைவெளி சமவெளியிலேயே, கண்ணெதிரே இருந்திருக்கிறது.

அந்த இடைவெளிக்குள் விதைப்பயிரை முடித்துவிட முடியுமானால் மலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி புஷ்கர்நாத் முன்னின்று வடிவமைத்த ‘விதைப் பாத்தி முறை’ இதை வைத்துத்தான் எழுந்தது. கேட்க எளிமையானது, கடைப்பிடிக்கக் கறாரானது.

நோயற்ற விதையை அக்டோபர் முதல் பாதியிலேயே ஊன்றிவிட வேண்டும். உணவுக்கான பயிர் போட்ட வயலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நோய் தெரியும் செடியைக் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்த வேண்டும். நம் விதைத் துறையில் இதைக் கலவன் நீக்குதல் என்பார்கள். டிசம்பரிலிருந்து அசுவினியை எண்ணிக்கொண்டே வர வேண்டும். நூறு கூட்டிலைக்கு (சிற்றிலைகள் சேர்ந்த முழு இலைக்கு) இருபது அசுவினி என்ற அளவைத் தொடும் முன், ஏறக்குறைய டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில், தழையை முழுக்க வெட்டிவிட வேண்டும். கிழங்கு இன்னும் பருக்கும், இன்னும் ஒரு வாரம் விட்டால் எடை கூடும் என்று தெரிந்தே வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் கிழங்கை மண்ணிலேயே விட்டுத் தோல் முற்ற வைத்துத் தோண்ட வேண்டும். பிறகு 2 முதல் 4 டிகிரியில் குளிர்பதனக் கிடங்கு. பிப்ரவரியில் உள்ளே போன கிழங்கு அடுத்த அக்டோபரில் உறக்கம் கலைந்து, முளைவிடத் தயாராக வெளியே வரும். மலை விதையின் காலச் சிக்கலும் அதோடு தீர்ந்தது.

இதில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி அந்தத் தழை வெட்டுதான். நல்ல பச்சையாக நிற்கும் பயிரை வெட்டச் சொல்வது எந்த விவசாயிக்கும் நெஞ்சு பொறுக்காத காரியம். மருந்தடித்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஆனால் உருளைக்கிழங்கின் கொடிய வைரஸ்களில் ஒன்றான ஒய் வைரஸ் பரவும் விதமே வேறு. நோயுள்ள இலையில் ஒரு நொடி தன் ஊசி போன்ற வாயை வைத்து எடுத்த அசுவினி, அடுத்த செடியில் குத்திப் பார்த்த அந்தக் கணத்திலேயே வைரஸை இறக்கிவிடும். மருந்து அதைக் கொல்லும்போது வேலை முடிந்திருக்கும். இலைச்சுருள் வைரஸ் அப்படியில்லை, அசுவினி நெடுநேரம் உறிஞ்ச வேண்டும், அதற்கு மருந்து உதவும். ஒய் வைரஸுக்கு நாட்காட்டிதான் மருந்து. அசுவினி வரும்போது இலை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கிழக்கே பீகாருக்கும் வங்காளத்துக்கும் போகப் போகத் தேதிகள் பின்னால் நகர்கின்றன, இடைவெளியும் குறுகுகிறது. ஜலந்தரைச் சுற்றிய பஞ்சாப் பகுதி நாட்டின் விதைக்கிழங்குக் களஞ்சியமாக ஆனதற்கு மண், பாசனம், உழைப்பு எல்லாம் காரணம்தான். ஆனால் அடிப்படை, அங்கே இடைவெளி நீளமாக அமைந்தது.

மலையில் கலப்பு, சமவெளியில் தேர்வு

விதை நிலைத்த பிறகுதான் ரகங்கள் பேச ஆரம்பித்தன என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய வரிசை.

குறுகிய பகல் கொண்ட சமவெளிக் குளிர்காலத்தில் பெரும்பாலான ரகங்கள் சரியாகப் பூப்பதில்லை. பூக்காமல் கலப்பு செய்ய முடியாது. சிம்லாவுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஃப்ரியில் கோடைப் பகல் நீளம், பூவும் காயும் நன்றாகப் பிடிக்கும். எனவே கலப்பு அங்கே நடந்தது. அதில் கிடைத்த நாற்றுகளைச் சமவெளிக்குக் கொண்டுவந்து, அவை வாழப்போகும் குறுகிய பகலிலேயே வளர்த்துத் தேர்ந்தார்கள். சமவெளியில் விதையைச் சுத்தமாக வைத்திருக்க வழி கிடைத்ததால்தான் பல ஆண்டு நீளும் இந்தத் தேர்வை அங்கே நடத்த முடிந்தது. ரகங்களின் பெயருக்கு முன்னால் குஃப்ரி ஒட்டிக்கொண்டதும் இப்படித்தான். 1967-இல் குஃப்ரி சிந்தூரி, 1968-இல் குஃப்ரி சந்திரமுகியும் குஃப்ரி ஜோதியும், 1980-இல் குஃப்ரி பஹார்.

விளைவு நாடறிந்தது. இன்று பரப்பு சுமார் 22 லட்சம் ஹெக்டேர், விளைச்சல் ஐந்தரைக் கோடி டன்னை ஒட்டி. பரப்பு ஒன்பது பத்து மடங்கு கூடியது. விளைச்சல் முப்பத்தைந்து மடங்குக்கு மேல் கூடியது. உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம். இந்தப் பயிரில் பெரும்பங்கு இன்று சமவெளியில் விளைகிறது, மலைகளின் பங்கு மிகச் சிறிது.

மலை விதையையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் காலம் காட்டிவிட்டது. நீலகிரி விதை வெளியே போகத் தடை வந்து பல பதின்மங்கள் ஆகின்றன. 2018-இல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பகுதிகளிலும் நூற்புழு காரணமாக விதைக்கிழங்கு வெளியேறத் தடை வந்தது. குஃப்ரியே அந்தத் தடைக்குள் வந்தது. சமவெளியில் விதைச் சங்கிலி தனியே நின்றிருந்ததால்தான் நாட்டின் சாகுபடி நிலைகுலையவில்லை.

குளிர்காலம் இல்லாத ஊர்களில்

இதுவரை சொன்னது துணைவெப்பமண்டலத்தின் கதை. அங்கே வெப்பம் ஆண்டின் ஒரு பாதி. மறுபாதியில் இரவு 10 டிகிரிக்கும் கீழே போகிறது. தெற்கே அப்படி இல்லை. ஆகவே வடக்கின் வெற்றியை அப்படியே தெற்கே நகலெடுப்பது சரிவராது.

கர்நாடகத்தின் ஹாசன் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 950 மீட்டர். உயரம் நூறு மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் கடற்கரையைவிட அங்கே ஐந்தாறு டிகிரி குளிர்ச்சி. அங்கே உருளைக்கிழங்கு மழைக்காலப் பயிர். வைகாசி, ஆனியில் ஊன்றுகிறார்கள். விதை எங்கிருந்து? ஜலந்தரிலிருந்து. பிப்ரவரியில் தோண்டிக் கிடங்கில் வைத்ததை 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் கொண்டுவந்து, கோடை வெயிலில் இறக்கி, வெட்டி ஊன்றுகிறார்கள். செலவை மிச்சம் பிடிக்க வெட்டிய துண்டு, சூடான ஈர மண்ணில் முளைக்கும் முன்னே அழுகுகிறது. தப்பி முளைத்தது வளரும் பருவமோ பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு மிகவும் பிடித்த சாரல் பருவம். ஒரு காலத்தில் பெரிய பரப்பில் நடந்த சாகுபடி அங்கே வெகுவாகச் சுருங்கியதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணங்கள். இரவு வெப்பம் அங்கே பயிரை வீழ்த்தவில்லை. வட்டாரத்தில் சொந்த விதை இல்லாததும், நாட்காட்டியும் நோயும் ஒரே மாதத்தில் மோதியதும்தான் வீழ்த்தின.

வெப்பம் தாங்கும் ரகம் உதவாதா? உதவும், மறுக்கவில்லை. பெரு நாட்டின் லிமாவில் 1971-இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இதற்கென்றே சோதனை நிலையங்களைப் படிக்கட்டு போல அமைத்தது. மலைமேல் 3,200 மீட்டருக்கு மேலே ஹுவான்காயோ, 800 மீட்டரில் சான் ரமோன், 180 மீட்டரில் அமேசான் காட்டோரம் யூரிமாகுவாஸ். கீழ்ப்படிகளில் தப்பிப் பிழைத்த வகைகளில் ஒன்று எல்டி-1. தாழ்நில வெப்பமண்டலம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் எல்டி. அதையும், தக்காணத்துக்கென 1972-இல் வந்த குஃப்ரி லவ்கரையும் கலந்து கிடைத்ததுதான் 2006-இல் வெளியான குஃப்ரி சூர்யா. (மராத்தியில் லவ்கர் என்றால் ‘சீக்கிரம்’.) இரவு 20 டிகிரி வரை இருந்தாலும் சூர்யாவில் கிழங்கு பிடிக்கிறது. அந்த இரண்டு மூன்று டிகிரி சலுகை பெரிய வரம்தான். வடக்கே செப்டம்பரிலேயே ஊன்றி முன்னதாகச் சந்தைக்குக் கொண்டுவரலாம், தக்காணத்தில் மழைக்காலத்தில் போடலாம்.

ஆனால் இங்கே ஒரு புதுச் சிக்கல் கதவைத் திறந்துகொண்டு வருகிறது. செப்டம்பர் வெள்ளை ஈயின் மாதம். அக்டோபரில் தொடங்கும் அசுவினியற்ற இடைவெளியைத்தான் முன்னோர் எண்ணிக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய வெப்ப வாரங்கள் வெள்ளை ஈக்குச் சொந்தம். 1990-களின் இறுதியில் வட இந்தியாவில் உருளைக்கிழங்கின் நுனியிலைகள் சுருண்டு வெளிறும் நோய் பரவலாகத் தெரிந்தது. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸின் உருளைக்கிழங்கு வடிவம் அது; வெள்ளை ஈ பரப்புகிறது. குஃப்ரி பஹாரில் இது குறைவாக வருகிறது, வேறு பல ரகங்களில் கூடுதல். வெப்பம் தாங்கும் ரகத்தால் நடவை முன்னுக்குத் தள்ளும்போது பயிரின் உடல் தாங்குகிறது, ஆனால் விதையின் சுத்தம் தாங்குவதில்லை. தழை வெட்டும் தேதி எப்படி அசுவினியை வைத்து நிர்ணயமானதோ, அப்படியே நடவுத் தேதியும் வெள்ளை ஈயை வைத்து நிர்ணயமாக வேண்டும். உணவுப் பயிருக்கு முன்நடவு சரி. விதைப்பயிருக்குச் சரியல்ல.

சமவெளி இரவுகள் வெப்பமாகிவரும் இந்தக் காலத்தில், ‘வெயில் தாங்கும் ரகம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை’ என்ற பேச்சு எனக்குக் கவலையளிக்கிறது. வெப்பம் கூடினால் பூச்சியின் இடைவெளியும் இரு முனையிலும் தேயும். ரகம் அதற்கு ஈடு கட்டாது.

விதைக்கிழங்கே வேண்டாம் என்ற முயற்சி

திரிபுரா வேறொரு வழியில் போய்ப் பார்த்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சிறு மாநிலம். வடமேற்கு விதைக் களஞ்சியம் வெகு தொலைவில். அங்கே அகர்தலாவுக்கு அருகே நாகிச்செரா தோட்டக்கலை ஆராய்ச்சி வளாகத்தில் உருளைக்கிழங்குக் காய்க்குள் இருக்கும் நிஜமான விதையை உற்பத்தி செய்தார்கள். மெய்விதை என்று சொல்லலாம். தக்காளி விதை போலப் பொடியானது. ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை டன் கிழங்குக்குப் பதில் நூற்றைம்பது கிராம்போலப் போதும். பெரும்பாலான வைரஸ்கள் மெய்விதை வழி வருவதில்லை. முன்பு சொன்ன வடிகட்டி இங்கே கிடைத்துவிடுகிறது. மெய்விதையை நாற்றங்காலில் தூவி முதல் ஆண்டு சிறு கிழங்குகளை எடுத்து, அடுத்த ஆண்டு அவற்றை ஊன்றுவதே அங்கே பழக்கத்துக்கு வந்த முறை.

இது எல்லா இடத்துக்கும் பரவவில்லை. நாற்று மென்மையானது, ஆள்கூலி அதிகம், பயிர்க்காலம் நீளம், கிழங்குகள் ஒரே சீராக வருவதில்லை. சீரில்லாத கிழங்கை மண்டியில் விலை குறைப்பார்கள். நல்ல விதை எளிதாகக் கிடைக்கும் பஞ்சாபுக்கு இது தேவையே இல்லை. விதை எட்டாத திரிபுராவுக்குத் தேவைப்பட்டது. எந்தத் தொழில்நுட்பமும் அது தீர்க்கும் சிக்கல் இருக்கும் இடத்தில்தான் வேர்பிடிக்கிறது.

வியட்நாம் செந்நதிப் படுகையில் நடந்தது இதற்கு நேர்மாறான பாடம். இரண்டு நெல் போகத்துக்கு நடுவே கிடைக்கும் குளிர்கால இடைவெளியில் 1970-களில் உருளைக்கிழங்கு வேகமாகப் பரவியது. குளிர்ச்சி போதுமானதாக இருந்தது. ஆனால் தை, மாசியில் எடுத்த கிழங்கை அடுத்த ஐப்பசி வரை கிடங்கு வசதியில்லாமல் வீட்டுப் பரணில், கோடை வெப்பத்தில் காத்துவைக்க வேண்டியிருந்தது. சுருங்கி, கிழடாகி, வைரஸோடு இருந்த அந்த விதையால் விளைச்சல் இறங்கியது, பரப்பும் இறங்கியது. அதே நாட்டில் தெற்கே தலாத் மலைநகரத்தில், திசு வளர்ப்பில் வந்த சிறு செடிகளை விவசாயிகள் தம் வீட்டிலேயே வைத்து, நுனியை வெட்டி வேர்விடச் செய்து பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். விதை அவர்கள் கைக்குள் வந்தது. இன்று கென்யாவிலும் கர்நாடகத்திலும் பேசப்படும் வேர்விட்ட நுனித்துண்டு முறைக்கு முன்னோடி அது. நிழல்வலைக் கூடத்தில் வளர்த்த நுனித்துண்டு ஒவ்வொன்றும் பத்துக்குக் குறையாமல் கிழங்கு தரக்கூடும். அதை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை வயலில் பெருக்கினால் வட்டாரத்துக்கு விதை ஆயிற்று. ஹாசன் போன்ற வட்டாரங்களுக்கு நான் நம்பிக்கையோடு பார்க்கும் வழி இதுதான். நான்கு ஆண்டு வயலில் பெருக்கி நான்கு ஆண்டு நோய் சேர்க்கும் பழைய சங்கிலியை இது இரண்டு கண்ணியாகக் குறைக்கிறது.

புதிதாக ஒரு மாவட்டம் தொடங்கினால்

ஓசூர், தாளவாடி போன்ற மேட்டு நிலங்களிலோ தக்காணத்தின் வேறெந்தப் பகுதியிலோ இந்தப் பயிரை விரிவாக்க நினைப்பவர்களுக்கு, மேலே உள்ள அனுபவத்திலிருந்து எனக்குத் தோன்றும் வேலை வரிசையைச் சொல்கிறேன்.

கடற்கரையை விட்டுவிடலாம். மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே நிலையாக இறங்காத ஊரில், இன்றிருக்கும் எந்த ரகத்தை வைத்தும் விவசாயியின் பணத்தை மண்ணில் போடச் சொல்வது நியாயமில்லை. மேட்டு நிலத்தில் கார்த்திகை முதல் மாசிவரை இரவு வெப்பம் எத்தனை நாள் 18 டிகிரிக்குக் கீழே இருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். எழுபது நாள் கிடைத்தால் குறுகிய காலப் பயிருக்கு இடமுண்டு. மழைக்காலத்தைவிட இந்தப் பாசனப் பருவமே மேல் என்பது என் எண்ணம். இலைக்கருகல் நோயின் ஈரம் குறைவு, பகலும் குறுகியது.

மண்ணைக் குளிர்விப்பது விவசாயி கையில் இருக்கிறது. நடவின்போது ஐப்பசி, கார்த்திகை மண் இன்னும் சூடாகத்தான் இருக்கும். வெட்டாத முழுக்கிழங்கு, முட்டையளவு, முளைகட்டியது. அதன்மேல் வைக்கோல் மூடாக்கு. நெல் அறுத்த ஈர வயலில் உழாமலே கிழங்கை வைத்து, ஒரு சாண் கனத்துக்கு வைக்கோல் பரப்பிச் சாகுபடி செய்யும் முறை வங்காளச் சுந்தரவனப் பகுதியில் நடந்துவருகிறது. மண் சூடும் குறைகிறது, உப்பு மேலேறுவதும் குறைகிறது. பாரின் (செடி நிற்கும் மண்மேட்டின்) உச்சியை வெயில் படாமல் இலை மூடும்வரைதான் மூடாக்கின் வேலை. ஆகவே செடிகளின் இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கி ஊன்றுவது நல்லது. சூடான மண்ணில் பாக்டீரியா வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் காத்திருக்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் போட்ட நிலத்தில் அடுத்தே இதைப் போடக் கூடாது. அவையெல்லாம் ஒரே குடும்பம், ஒரே நோய்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. முதல் லாரி விதை வந்து இறங்குவதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, அந்த மாவட்டத்தில் ஐந்தாறு ஊர்களில் மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டி, வாரம் ஒரு முறை அசுவினியையும் வெள்ளை ஈயையும் எண்ணி நோட்டில் எழுதி வர வேண்டும். அருகிலிருக்கும் வேளாண் கல்லூரி மாணவர்களால் செய்ய முடிந்த வேலை இது, செலவு சொற்பம். எந்த ஊரில் எந்த வாரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று அந்த நோட்டு சொல்லும். அந்த ஊரில் நிழல்வலைக் கூடமும் விதைப்பயிரும், மற்ற ஊர்களில் உணவுப் பயிரும் வைத்துக்கொள்ளலாம். சுத்தமான வாரங்களே இல்லையென்று நோட்டு சொன்னால், ஆண்டுதோறும் வெளியிலிருந்து விதை வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்தே விவசாயியிடம் பேச வேண்டும். அந்தக் கணக்கு கட்டுப்படியாகிறதா இல்லையா என்பது அவர் முடிவு.